வள்ளல் தந்தது எது, வரி தந்தது எது?

செட்டிநாடு என்று சொன்னவுடனே வெளியூர்க்காரர்களுக்கு வீடுதான் ஞாபகத்துக்கு வருகிறது. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல், முகப்பு, வளவு, பட்டாலை. நெற்குப்பையிலும் அப்படி வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. வீட்டுக்கு அடுத்தபடியாகச் சொல்வது கல்வி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைக் கொடுத்த மண், அழகப்பர் வாரிக் கொடுத்த மண் என்பார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் இந்த வரலாற்றை யார் சொல்கிறார்கள், எங்கே நின்றுகொண்டு சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. முகப்பில் நின்று பார்த்தால் தெரிவது ஒன்று. ஊருணிக்கு அந்தப் பக்கம் சேரியில் நின்று பார்த்தால் தெரிவது வேறொன்று.

இதே நெற்குப்பையில் பிறந்தவர் சோமலெ (1921-1986). ஊர் ஊராகப் போய், மாவட்டம் மாவட்டமாக எழுதியவர். ராசாவுக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் வரலாறு என்று இருந்த காலத்தில் ஊருக்கும் வரலாறு உண்டு என்று காட்டியவர். அந்த வேலைக்கு நாம் மரியாதை செய்கிறோம். ஆனால் ஊருக்கு வரலாறு இருக்கிற மாதிரி சேரிக்கும் இருக்கிறது. அதை யாரும் வந்து எழுதித் தரமாட்டார்கள். நாமதான் எழுதணும்.

கேள்வி இதுதான்: நம்ம தெருவில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளையை அனுப்பி வைத்தது யாருடைய பணம்?

1931இல் என்ன சட்டம் இருந்தது?

கல்லூரிக்கு முன்னால் எழுத்தே நமக்கு மறுக்கப்பட்டிருந்தது. 'மறுக்கப்பட்டிருந்தது' என்று மென்மையாகச் சொல்கிறோம். உண்மையில் அது சட்டம் போட்ட மாதிரி எழுதி வைத்த தடை.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே.எச். ஹட்டன், 1946இல் வெளிவந்த தன் 'இந்தியாவில் சாதி' நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண் சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மாராப்புப் போடக்கூடாது. பூ, மஞ்சள் கூடாது. குடை, செருப்புக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடு கொள்ளை போனது.

அதற்கும் நம்மவர்கள் முழுசாகப் பணியவில்லை. அதனால்தான் 1931 ஜூனில் மறுபடி கூடிப் பதினோரு தடைகள் போட்டார்கள். அந்தப் பதினொன்றில் ஒன்று: ஆதிதிராவிடப் பிள்ளைகள் படிக்கக்கூடாது, எழுத்தறிவு பெறக்கூடாது. அடுத்தது: அந்தப் பிள்ளைகள் மிராசுதார்களின் மாடுகளை மேய்க்க மட்டுமே செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வருபவை: பண்ணையில் அடிமையாக வேலை செய்ய வேண்டும், வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் உழக்கூடாது, சொந்த நிலம் இருந்தால் அடிமாட்டு விலைக்கு மிராசுதாருக்கே விற்றுவிட வேண்டும், காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை உழைத்தால் ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா.

அன்றைக்கு நெற்குப்பை, காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை எல்லாம் அந்த இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்.

அந்தப் பட்டியலின் வரிசையைக் கவனியுங்கள். படிப்பைத் தடுத்த கையோடு மாடு மேய்ப்பு வருகிறது. மாடு மேய்ப்புக்கு அடுத்துப் பண்ணை வேலை. பண்ணை வேலைக்கு அடுத்து நிலப்பறிப்பு. அதற்கு அடுத்துக் கூலி. போட்டவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பிள்ளை படித்துவிட்டால் நாலணாக் கூலிக்கு ஆள் கிடைக்காது. கல்வி என்பது அறிவு, பண்பாடு, விளக்கு என்று மேடையில் பேசுகிறவர்களைவிடத் தடை போட்டவர்கள்தான் அதன் பொருளாதாரத்தைச் சரியாகப் புரிந்து வைத்திருந்தார்கள்.

எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் கைநாட்டுத்தான். "எழுத்துன்னா அது அவுக வீட்டுச் சாமான், நமக்கு எதுக்குத்தா" என்று சொல்லும். அது அறியாமை இல்லை. எதைத் தொட்டால் குடிசை எரியும் என்று பார்த்து வளர்ந்த தலைமுறையின் கணக்கு அது.

கொடையின் கணக்கு

இப்போது வளவுப் பக்கம் வருவோம்.

நகரத்தார்கள் 'கொண்டுவிக்க'ப் போனார்கள். பர்மா, இலங்கை, மலாயா, சைகோன். 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் போட்டிருந்த முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய். பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 சதவீதம். 1938இல் அது 25 சதவீதம். மலாயாவில் ரப்பர்த் தோட்டக்காரர்களுக்கும் கடன் போனது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் யார்? கங்காணி பிடித்துக்கொண்டு போன நம்ம ஆட்கள் அதில் ஏராளம். ஒரே கப்பலில் ஒருவர் வட்டிக்கணக்கோடு போனார், ஒருவர் பேர்கூடச் சரியாக எழுதப்படாமல் போனார்.

வந்த லாபத்தில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கி வைப்பது நகரத்தார் வழக்கம். கோயில் திருப்பணி, சத்திரம், ஊருணி, வேதபாடசாலை என்று அந்தப் பணம் போனது. இருபதாம் நூற்றாண்டில் அது கல்லூரிப் பக்கம் திரும்பியது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரி தொடங்கினார். பிறகு 20 லட்சம் ரூபாயோடு கல்லூரியை ஒப்படைக்க, 1928இல் சட்டம் வந்து 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 1952இல் பொறியியல் கல்லூரி. 1957இல் நாற்பத்தேழு வயதில் அழகப்பர் இறந்தபோது, தனக்கென்று வைத்துக்கொண்டதைவிடக் கொடுத்ததுதான் அதிகம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அழகப்பரை நாம் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. பணக்காரன் பணத்தைப் பூட்டி வைக்கிற நாட்டில் அவர் கொடுத்தார். வறண்ட பூமியில் கல்லூரி வந்தது. ஆனால் கொடையின் இயல்பு ஒன்று இருக்கிறது. கொடுப்பவர் எங்கே கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்வார். வாங்குகிறவன் கும்பிட வேண்டும். கேள்வி கேட்க முடியாது. கட்டடம் இருக்கிறது என்பதற்காக நம்ம பிள்ளை உள்ளே போய்விட முடியுமா? சம்பளம் யார் கட்டுவது? தங்குவது எங்கே? மூணு வேளைச் சோறு?

சிதம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பே, 1916இல், சுவாமி சகஜானந்தர் அதே ஊரில் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். சேரிப் பிள்ளைகளைச் சேர்த்துச் சோறும் போட்டு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார். ஒரே ஊரில் ஒரு பக்கம் 20 லட்சம் ரூபாய்க் கொடை, இன்னொரு பக்கம் கையேந்தி நடத்திய பள்ளிக்கூடம். இரண்டுக்கும் நடுவில் சில மைல் தூரந்தான். அந்தத் தூரத்தைக் கடக்க வள்ளல்களின் மகமைப் பணத்தால் முடியவில்லை. எதனால் முடிந்தது?

அரசன் கொடுத்ததும் அரசு கொடுத்ததும்

அம்பேத்கர் கதையை நாம் எல்லாரும் சொல்கிறோம். அதில் ஒரு பகுதியைச் சரியாகக் கவனிப்பதில்லை.

1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகை கொடுத்து அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். கொலம்பியாவில் படித்தார். 1916இல் லண்டன் போனார். உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்புப் பாதியில் நிற்க, 1917இல் திரும்பி வர வேண்டியதாயிற்று. ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குப் போனார். அங்கே தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். பிறகு பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திப் பணம் சேர்த்து, கோலாப்பூர் சாகு மகராசர் உதவியும் நண்பரிடம் கடனும் வாங்கி, 1920இல்தான் மறுபடி லண்டன் போக முடிந்தது.

நல்ல மனசுள்ள மன்னர்தான். ஆனாலும் மன்னர் தந்தது முடிகிறபோது படிப்பும் முடிகிறது. அந்தப் பாடத்தை அம்பேத்கர் மறக்கவில்லை. 1942 ஜூலையில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராகச் சேர்ந்த சில மாதத்தில், அக்டோபர் கடைசியில், லின்லித்கோவிடம் ஒரு மனுக் கொடுத்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் இந்திய அரசு மானியம் தருகிறதே, தீண்டத்தகாதோர் உயர்கல்விக்கு என்ன தருகிறது என்று கேட்டார். அதன் விளைவுதான் 1944-45இல் தொடங்கிய பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகை, ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். மெட்ரிக்குக்கு மேலான கல்வி உதவித்தொகை என்று இன்றைக்கும் நம்ம பிள்ளைகள் வரிசையில் நின்று விண்ணப்பம் கொடுக்கிறார்களே, அதன் பிறப்பு இதுதான்.

20 லட்சத்துக்கும் 15 லட்சத்துக்கும் முன்னால் 3 லட்சம் சின்னத் தொகை. ஆனால் தன்மை வேறு. இதற்கு யாரையும் கும்பிட வேண்டியதில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியாக வந்துவிட்டது. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். மன்றத்தில் கேட்கலாம், தெருவில் கேட்கலாம், நீதிமன்றத்தில் கேட்கலாம். வள்ளலிடம் அப்படிக் கேட்க முடியுமா?

சென்னை மாகாணத்தில் இந்தப் பாதை இன்னும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு, 1893இல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை எண் 68 வந்தது. அந்த ஆண்டில்தான் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1920இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்துக்குள் போனார். அதே காலத்தில் தொழிலாளர் ஆணையர் துறை வந்தது. ஆதிதிராவிடர் பள்ளிகள், உதவித்தொகை, விடுதி எல்லாம் அந்தத் துறையின் பொறுப்பாயின. 1949இல் அது அரிசன நலத்துறையாகி, பிறகு ஆதிதிராவிடர் நலத்துறையானது. சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா பெயரிலான விடுதி எத்தனை வக்கீல்களை, வாத்தியார்களை, அதிகாரிகளை உருவாக்கியது! அங்கே சோற்றில் புழு இருந்தது, கக்கூசில் தண்ணி இல்லை என்று போராட்டம் நடந்ததும் உண்மை. போராட முடிந்ததே, அதுதான் விஷயம். தானம் போட்ட சோற்றில் புழு இருந்தால் மூடிக்கொண்டு தின்ன வேண்டும். அரசு விடுதிச் சோற்றில் புழு இருந்தால் சாலையில் உட்காரலாம்.

அரசுப் பணம் நுழைந்தால்தான் கதவு திறக்கும்

அரசியல் சட்டத்தில் 29(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. அரசு நடத்துகிற அல்லது அரசு நிதியிலிருந்து உதவி பெறுகிற கல்வி நிலையத்தில் மதம், இனம், சாதி, மொழி காரணமாக மட்டும் யாருக்கும் இடம் மறுக்கக்கூடாது என்கிறது. இதில் 'அரசு நிதி' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சாதி கேட்டு வாசலில் நிறுத்தக்கூடாது என்கிற விதி, அரசுப் பணத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிரிவை வைத்துத்தான் 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் வகுப்புவாரி அரசாணையை ரத்து செய்தார்கள். தமிழ்நாடே கொதித்தது. முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. அதன் பிறகு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 16 சதவீதம். 1971இல் 18 சதவீதம். 1990இல் பழங்குடியினருக்குத் தனியாக 1 சதவீதம். 2009இல் 18க்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள்ஒதுக்கீடு. இவ்வளவும் எங்கே நின்று செல்லுபடியாகிறது? அரசுக் கல்லூரியில், அரசு உதவி பெறும் கல்லூரியில். உதவி பெறாத தனியார் கல்லூரியில் இட ஒதுக்கீட்டைத் திணிக்கக்கூடாது என்று 2005இல் இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 15(5) என்று இன்னொரு திருத்தம் போட வேண்டி வந்தது.

ஆக, கல்லூரிக்கு யார் பணம் தருகிறார்கள் என்ற கேள்வி வெறும் கணக்குப்பிள்ளை கேள்வி இல்லை. உள்ளே யார் போகலாம் என்ற கேள்வியே அதுதான்.

நம்ம பக்கமே பாருங்கள். அழகப்பர் தொடங்கிய கலைக் கல்லூரி இன்றைக்கு அழகப்பா அரசுக் கலைக் கல்லூரி. பொறியியல் கல்லூரிப் பெயரிலும் 'அரசு' சேர்ந்துவிட்டது. 1985இல் அரசு தனிச் சட்டம் போட்டு அழகப்பா பல்கலைக்கழகத்தை உண்டாக்கியது. ஆய்வகத்தை நடத்துவது மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம். திருப்பத்தூர் ஆறுமுகம்பிள்ளை சீதையம்மாள் கல்லூரி தனியார் தொடங்கியது. அரசு உதவி பெறுவது. நிலமும் கட்டடமும் வள்ளல் கொடுத்தார். வாத்தியார் சம்பளம்? அது வரிப்பணம். கல்வெட்டில் வள்ளல் பெயர் இருக்கிறது. வரி கட்டியவன் பெயரை எந்தக் கல்லில் வெட்டினார்கள்?

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ நிறுவனர் குடும்பத்துக்கு இணைவேந்தர் பதவி பரம்பரையாக இருந்தது. கடைசியில் நிதி நெருக்கடி வந்து, சம்பளம் கொடுக்க வழியில்லாமல் போனபோது, 2013இல் அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து எடுத்துக்கொண்டது. எடுத்த பிறகும் அங்கிருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்டணம் கேட்டார்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் பதினாலாயிரத்தைத் தாண்டாத காலம் அது. மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021இல் அது சுகாதாரத் துறைக்கு மாறி, அரசுக் கடலூர் மருத்துவக் கல்லூரி ஆனது, கட்டணமும் குறைந்தது. உரிமை என்றால் இதுதான். பெயர்ப்பலகை மாறுவதும் கட்டணச் சீட்டு மாறுவதும் சேர்ந்து நடக்க வேண்டும்.

யாருடைய வரி?

"எங்க வரிப்பணத்துல இவனுக படிக்கிறானுக" என்று டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி வரைக்கும் சொல்கிறார்கள். இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது.

1882இல் ஹண்டர் குழு முன் ஜோதிராவ் புலே ஒரு மனுக் கொடுத்தார். அரசுக்கு வருமானம் உழவனின் வியர்வையிலிருந்து வருகிறது. செலவோ மேல்சாதியாரின் உயர்கல்விக்குப் போகிறது. உழவன் பிள்ளைக்குத் தொடக்கப் பள்ளிகூட இல்லை என்பது அவர் வாதம். அன்றைக்கு அது நூற்றுக்கு நூறு உண்மை. வரி நம்முடையது, படிப்பு அவர்களுடையது.

வெள்ளைக்காரன் காலத்துச் சென்னை மாகாண வருமானம் எதிலிருந்து வந்தது? நிலவரி, கள்ளுச்சாராய ஆயம். இந்திய அரசுக்கோ உப்பு வரி. கஞ்சிக்கு உப்புப் போடாமல் குடிக்கிற கூலிக்காரன் உண்டா? உழைத்த அலுப்புக்குக் கள்ளுக் குடித்தவன் யார்? 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்குக் கொண்டுவந்தார். விழுந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. அதுவும் வாங்குகிறவன் தலையில்தான். இன்றைக்கு டாஸ்மாக்கும் சரக்கு சேவை வரியும். சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் சேரிக்காரன் வரி கட்டுகிறான். வருமான வரி மட்டும்தான் வரி என்று நினைக்கிறவர்களுக்கு இது தெரியாது. அல்லது தெரிந்தும் மறைக்கிறார்கள்.

ஆகவே அரசுப் பணத்தில் படிக்கிற பிள்ளை ஓசியில் படிக்கவில்லை. பாட்டன் கட்டிய உப்பு வரியின் பாக்கியை வசூல் பண்ணுகிறது.

புலேயின் வாதத்தைப் புரட்டிப்போட்டு, "ஏழைகளுக்கு ஆரம்பக் கல்வி கொடுத்தால் போதும், கல்லூரிக்கு அவனவன் காசு கட்டட்டும்" என்று சிலர் இப்போது பொருளாதாரம் பேசுகிறார்கள். புலே கேட்டது, கீழே இருப்பவனுக்கும் பங்கு கொடு என்பது. மேலே ஏறாதே என்பது அல்ல. அம்பேத்கர் 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேசும்போதே, கட்டணம் மூலம் கல்விச் செலவை ஈடுகட்டுவதைக் கண்டித்து, கல்வியை வணிகமாக்காதீர்கள் என்று வாதாடினார். ஆரம்பப் பள்ளியோடு நிறுத்தினால் கையெழுத்துப் போடத் தெரிந்த கூலி கிடைப்பான். சட்டம் எழுதுகிற இடத்தில், தீர்ப்புச் சொல்கிற இடத்தில், மருந்து எழுதுகிற இடத்தில், பட்டா மாற்றுகிற இடத்தில் நம்ம ஆள் உட்காருவதற்கு உயர்கல்வி வேண்டும். அதனால்தான் அவர் லின்லித்கோவிடம் தொடக்கப் பள்ளி கேட்கவில்லை. அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் பணம் கேட்டார்.

கதவு மறுபடி ஒருக்களிக்கிறது

1984இல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதுவரை வள்ளல் கொடுத்துக் கட்டிய கல்லூரி, அதன் பிறகு வாங்கிக் கட்டிய கல்லூரியானது. 'கல்வி வள்ளல்' என்ற பட்டம் மட்டும் மாறவில்லை.

இதற்குள்ளும் அரசுப் பணம் போகிறது. 2012இல் அரசாணை எண் 92 வந்தது. சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றது. பல குடும்பங்களில் முதல் பொறியாளர் அப்படித்தான் வந்தார். 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை அதிலிருந்து நீக்கினார்கள். மத்திய அரசோ தன் பங்கைச் சுருக்கிக்கொண்டே வந்து, பல மாநிலங்களின் தலையில் பெரும்பகுதியைத் தள்ளியது. 2020 டிசம்பரில்தான் 60க்கு 40 என்று பங்கு பிரித்து, ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

காகிதத்தில் இவ்வளவு. நடப்பு என்ன? என் தங்கை மகள் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் படித்தாள். உதவித்தொகை வந்து சேரவில்லை. "அரசாங்கம் குடுத்தா வாங்கிக்க, இப்ப நீ கட்டு" என்று சொல்லிவிட்டார்கள். கடைசி வருசம் முடிந்து சான்றிதழைத் தரவில்லை. வேலைக்குக் கூப்பிட்டவர்கள் சான்றிதழ் கேட்டார்கள். தங்கை தன் தோட்டைக் கழற்றி அடகு வைத்து மீட்டுக் கொடுத்தது. 1931இல் தோடு போடாதே என்றார்கள். இப்போது போட்டுக்கொள்ளலாம், படிப்பதற்கு அதைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17இல் விட்டுப்போன கடிதத்தில்கூடப் பாக்கி உதவித்தொகைக் கணக்கு இருந்தது: ஏழு மாதம், ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம் ரூபாய். தாமதம் என்பது நிர்வாகக் கோளாறு என்று நினைக்கிறோம். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு ஏழு மாதத் தாமதம் என்பது வெளியே போ என்று சொல்வதுதான்.

2017 செப்டம்பர் 1இல் அரியலூர் அனிதா போனாள். சுமை தூக்குபவரின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176. அவளைத் தடுத்தது நீட் என்ற தேர்வு. அந்தத் தேர்வுக்குப் பின்னால் லட்ச ரூபாய்ப் பயிற்சி நிலையம். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவுதான். ஆனால் வாசலுக்கு வருகிற வழியைத் தனியாருக்கு விட்டுவிட்டால் குறைந்த கட்டணத்தால் யாருக்குப் பயன்? 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது, அந்தக் கேள்விக்குக் கிடைத்த பாதிப் பதில்.

நல்லது நடக்கவில்லை என்று சொல்லவில்லை. 2007-08இல் அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணத்தை நீக்கினார்கள். 2022இல் புதுமைப் பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன் என்று அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகிற பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதில் இருப்பவர்களில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவுக்கு 28.4, பட்டியல் சாதியினருக்கு 25.9, தமிழ்நாட்டுக்கு 47. இந்த 47 தானாக வந்ததா? காமராசர் காலத்து இலவசப் பள்ளி, மதிய உணவு, விடுதி, உதவித்தொகை, இட ஒதுக்கீடு, பஸ் பாஸ், அரசுக் கல்லூரி என்று ஒன்றன் மேல் ஒன்றாக வரிப்பணம் அடுக்கிய படிக்கட்டு அது. எந்தப் படியை உருவினாலும் முதலில் விழுவது நம்ம பிள்ளைதான்.

அதனால் நாம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. உதவித்தொகை கல்வியாண்டின் முதல் மாதத்திலேயே வர வேண்டும். பணம் வரவில்லை என்று சான்றிதழைப் பிடித்து வைக்கிற கல்லூரி மீது வழக்குப் போட வேண்டும். அரசுக் கல்லூரிகளில் காலியாகக் கிடக்கிற வாத்தியார் இடங்களை நிரப்ப வேண்டும், அதில் நம்ம பங்கு சரியாக வர வேண்டும். 2025இல் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். பெயரோடு கழிப்பறையும் நூலகமும் மாற வேண்டும். சுயநிதிக் கல்லூரிக்குக் கொட்டிக் கொடுக்கிற பணத்தில் எத்தனை அரசுக் கல்லூரி கட்டலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

வள்ளல்கள் கொடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? கொடுத்தால் நன்றி சொல்லலாம். ஆனால் நம்ம பிள்ளையின் படிப்பை யாருடைய நல்ல மனசிலும் அடகு வைக்க முடியாது. மாடு மேய்க்கச் சொன்னவர்களும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள், கல்லூரி கட்டியவர்களும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். இரண்டு பேரையும் கேட்காமல் படிப்பதற்கு நமக்குக் கிடைத்த ஒரே வழி, நாமும் கட்டிய வரி.